ஒரே அறையில் இரண்டு பேர்: புதிதாக வந்திருக்கும் தம்பதிகளுக்கு

விமான நிலையத்திலிருந்து வந்து, பெட்டிகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியதும் ஒன்று தெரிந்துவிடும்: பெட்டி நின்றால் ஆள் நிற்க இடமில்லை. இரண்டு பேர், நான்கு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. நாங்கள் வந்த அன்று கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில்தான் அவற்றை நிறுத்த முடிந்தது. இரவில் யார் எழுந்தாலும் ஒரு பெட்டியை உருட்ட வேண்டும்; உருட்டினால் மற்றவர் விழித்துக்கொள்வார். நான்காம் நாள்தான் பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டியை வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. நான்கு இரண்டாயிற்று.

வெளிநாட்டில் ஸ்டூடியோவிலோ (படுக்கையறை தனியாக இல்லாத ஒற்றை அறை வீடு) ஒரு படுக்கையறை வீட்டிலோ, 30 முதல் 45 சதுர மீட்டருக்குள், கொஞ்சம் பொருளோடு குடித்தனம் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். சதுர அடியில் சொன்னால் ஏறக்குறைய 320 முதல் 480. வீட்டு விளம்பரத்தில் 35 என்று பார்த்ததும் பயந்துவிடாதீர்கள், 10.76-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெருக்கிய பிறகும் சின்னதுதான், அது வேறு விஷயம்.

பொருளை எங்கே வைப்பது என்ற கவலை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். தீராதது இன்னொன்று. புது ஊரில் உங்களுக்கு வேறு யாரையும் தெரியாது. சலித்தால் எட்டிப் பார்க்க இன்னொரு வீடு கிடையாது, கோபித்துக்கொண்டால் போய் உட்கார இன்னொரு அறை கிடையாது. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்ன வீட்டை ஒழுங்குபடுத்துவது முக்கியமாக இதற்காகத்தான் என்பது எனக்கு ஒரு குளிர்காலம் கழித்துத்தான் புரிந்தது.

கையெழுத்துப் போடும் முன்

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். எங்கள் ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டும் இருந்தது. வேலைக்கு வந்தவர் அவர்தானே என்று நினைத்துவிட்டோம். நான் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது முகவரிச் சான்று கேட்டார்கள். என் பெயர் போட்ட ஒரு காகிதம்கூட அந்த நாட்டில் இல்லை. ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்க முடியாவிட்டால் மின்சாரக் கட்டணத்தையோ இணைய இணைப்பையோ மற்றவர் பெயரில் எடுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: பல நாடுகளில், கையெழுத்துப் போட்ட இருவரில் யாரிடமிருந்தும் முழு வாடகையையும் கேட்கலாம். பாதி பாதி என்பது உங்களுக்குள்தான். அந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்க அனுமதி என்பதையும் கேட்டுவிடுங்கள். ஸ்டூடியோவை ஒருவருக்கு மட்டும் என்று விடும் வீட்டுக்காரர்கள் உண்டு.

வீடு பார்க்கப் போகும்போது பையில் ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு டிஷ்யூ பேப்பரும் இருக்கட்டும். டேப், கட்டில் வைக்கப்போகும் சுவருக்கு. டிஷ்யூ, குளியலறைக் காற்றாடிக்கு. காற்றாடியை ஓடவிட்டு அதன் வாயில் டிஷ்யூவைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் அது காற்றை இழுக்கிறது. கீழே விழுந்தால் சத்தம் மட்டும்தான் போடுகிறது. அடுப்புக்கு மேல் இருக்கும் உறிஞ்சி புகையை வெளியே அனுப்புகிறதா, அல்லது கரி வடிகட்டி வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்றும் கேளுங்கள். இரண்டாம் வகையாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்க வேண்டியிருக்கும், வடிகட்டியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புகை காட்டும் கருவி கத்துகிறது என்று அதைத் துணியால் மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

சாவி வாங்கிய அன்றே சுவர், ஜன்னல் மூலை, குழாய், தரை எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் திரும்பி வருவது பெரும்பாலும் இந்தப் படங்களைப் பொறுத்தது.

முதல் மாதம் மெத்தை மட்டும்

முதலில் ஒரு நல்ல மெத்தை வாங்குங்கள். அப்புறம் நிறுத்துங்கள். 140 சென்டிமீட்டர் அகல மெத்தையில் ஆளுக்கு 70 வரும். ஒற்றைக் கட்டிலே 90 இருக்கும். அறையில் இடமிருந்தால் 160 எடுங்கள். முடியாவிட்டால் 140-க்கு ஒரு வழி இருக்கிறது: ஆளுக்கு ஒரு போர்வை. ஒரே பெரிய போர்வையை இரவெல்லாம் இழுத்துக்கொண்டு, காலையில் யார் இழுத்தது என்று விசாரிப்பது முதல் வாரத்தோடு முடிந்துவிடும்.

கட்டில் வாங்கும்போது அடியில் எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய பயணப் பெட்டி படுத்த நிலையில் சுமார் 30 சென்டிமீட்டர் உயரம் வரும். பல கட்டில்களில் அவ்வளவு இடைவெளி இருக்காது, கால்களுக்கு அடியில் வைக்கும் கட்டைகளை வாங்கி உயர்த்த வேண்டும். பருவம் மாறியபின் உடுத்தாத துணிகளைப் பெட்டியில் போட்டு உள்ளே தள்ளிவிட்டால் பாதி அலமாரி மிச்சம்.

சோபா விஷயத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கே நடந்தது. அவருக்கு வேண்டும், எனக்கு வேண்டாம். கடைசியில் அவர் வாங்க நினைத்த சோபாவின் அளவைத் தரையில் காகித டேப்பால் ஒட்டினேன். ‘இதைச் சோபா என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றி நடப்போம்’ என்றேன். அலமாரிக்குப் போக அவர் உடம்பைத் திருப்பி நுழைய வேண்டியிருந்தது. ஒருவர் நடக்கக் குறைந்தது 60 சென்டிமீட்டர் வழி வேண்டும், 75 இருந்தால் இடிக்காமல் போகலாம். டேப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் 41 இருந்தது. மூன்றாம் நாள் காலை அவரே டேப்பைத் தாண்டிக் குதித்து, ‘சரி, வேண்டாம்’ என்றார். சோபாவுக்குப் பதில் முதுகு வலிக்காத இரண்டு நாற்காலிகள் வாங்கினோம். சாப்பாட்டுக்கும் வேலைக்கும் அவைதான். மேசையில் ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் தட்டும் முழங்கையும் மோதாது.

ஊரிலிருந்து மின்கருவி கொண்டுவந்திருந்தால் அதன் அடிப்பக்கத்தைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி போதும். சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான். 230 மட்டும் போட்டிருந்தால் 120 வோல்ட் ஓடும் அமெரிக்காவிலோ கனடாவிலோ 100 வோல்ட் ஓடும் ஜப்பானிலோ அது ஒழுங்காக வேலை செய்யாது, சின்ன வீட்டில் இடத்தை மட்டும் அடைக்கும்.

குறைவான பொருளோடு வாழ்வது என்று கிளம்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குறைப்பதாக இருந்தால் உங்கள் பொருளைக் குறையுங்கள். மற்றவருடையதைத் தூக்கிப் போடும் உரிமை யாருக்கும் இல்லை. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் அலமாரித் தட்டு உண்டு. அதில் என்ன குப்பை கிடந்தாலும் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. அவருடைய தட்டில் எதற்கும் பொருந்தாத ஏழு சாவிகள் இருக்கின்றன.

காற்று

முதல் குளிர்காலத்தில் அலமாரியைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தோம். இடம் மிச்சமாகுமே என்று. ஒருநாள் காதணி பின்னால் விழுந்துவிட்டது என்று நகர்த்தினால், சுவர் முழுக்க மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். அலமாரியின் முதுகும் அப்படியே. உள்ளே இருந்த தோல் செருப்பில் பச்சை பூத்திருந்தது.

பூஞ்சணம் எங்கிருந்தோ வந்தது என்று வீட்டுக்காரரைக் குறை சொன்னோம். வந்த ஈரத்தில் முக்கால்வாசி எங்களுடையது. இரண்டு பேர் ஓர் இரவு தூங்கி எழுந்தால் மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஒரு சலவை ஈரத்துணியை அறைக்குள் காயப்போட்டால் லிட்டர் கணக்கில். பெரிய வீட்டில் இது பரவிப் போய்விடும். சின்ன வீட்டில் அத்தனையும் குளிர்ந்த வெளிச்சுவரைத் தேடிப் போய் உட்காரும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிகிறதே, அதேதான்.

குளிர் நாட்டில் ஜன்னலை நாள் முழுக்க இத்துனூண்டு திறந்து வைப்பதில் பயனில்லை, சுவர்தான் குளிரும். ஹீட்டரை நிறுத்திவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு சாத்துங்கள். காலை ஒருமுறை, சமைத்த பிறகு ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. காற்று மாறிவிடும், சுவரும் மேசையும் சூட்டை வைத்துக்கொண்டிருக்கும். வெளியே புழுக்கமும் ஈரமுமாக இருக்கும் நாட்டில் இது தலைகீழ். திறந்தால் ஈரம் உள்ளே வரும், ஏசியில் ஈரம் இழுக்கும் நிலையைப் பயன்படுத்த வேண்டும். எதுவானாலும் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள்.

சாத்திய அறையில் இரண்டு பேர் தூங்கினால் காலையில் தலை கனப்பதற்கும் இதே கதைதான். ஜெர்மனியின் மியூனிக்கைச் சேர்ந்த சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1858-லேயே, அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று அளவு சொல்லிவிட்டார். கதவும் ஜன்னலும் சாத்திய சின்னப் படுக்கையறையில் நாம் அதை நள்ளிரவுக்கு முன்பே தாண்டியிருப்போம். படுக்கையறைக் கதவையாவது திறந்து வைத்துத் தூங்குங்கள்.

சத்தமும் நேரமும்

இடத்தைப் பிரிக்க முடியாத வீட்டில் நேரத்தைத்தான் பிரிக்க வேண்டும்.

பகல் முழுக்க நான் வீட்டில். அவர் மாலை ஆறரைக்கு வருவார். வந்தவருக்கு அமைதி வேண்டும். காலையிலிருந்து யாரோடும் பேசாத எனக்குப் பேச்சு வேண்டும். இரண்டும் நியாயம்தான். தினமும் அந்த ஆறரை மணிக்கு ஒரு முகச்சுளிப்பு. பிறகு ஒரு வழி கண்டோம்: அவர் வரும் நேரத்துக்கு நான் வெளியே நடக்கக் கிளம்பிவிடுவேன், முக்கால் மணி நேரம். அவருக்கு வீடு தனியாகக் கிடைக்கும், எனக்கு மனிதர்கள் கண்ணில் படுவார்கள். திரும்பி வந்தபின் பேச்சு தானாக வந்தது. வேலைக்குப் போகாதவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அவருக்கு ஓய்வு என்று அர்த்தமில்லை. நூலக அட்டை ஒன்று முதல் மாதமே எடுங்கள். சூடான, அமைதியான, மேசை நாற்காலி போட்ட இன்னோர் அறை அது.

வீடியோ கால் தனித் தொல்லை. ஒருவர் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார், மற்றவர் குளித்துவிட்டுத் துண்டோடு குளியலறைக்குள்ளேயே நிற்பார். கதவு இடுக்கிலிருந்து சைகை பறக்கும். எங்கள் வீட்டில் கேமராவுக்கு என்று ஒரு நாற்காலி, ஒரு திசை: பின்னால் சுவர் மட்டும் தெரியும். பேசுகிறவர் இயர்போன் போட வேண்டும். ஊர் அலுவலகத்தோடு நேர வித்தியாசத்தில் அதிகாலை நான்கு மணிக்குக் கூட்டம் இருக்கிறவர்கள், முந்தின இரவே துணி, சார்ஜர், தண்ணீர் எல்லாவற்றையும் சமையலறைப் பக்கம் எடுத்து வைத்துவிடுங்கள். தூங்குகிறவரை எழுப்புவது கூட்டத்தின் பேச்சைவிட அலமாரிக் கதவுதான்.

கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1952-இல் தெற்கு பிரான்ஸின் கடற்கரையில் தனக்கும் மனைவிக்குமாக ஒரு மரக்குடில் கட்டினார்: 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், அவ்வளவுதான். சிறு வீட்டுப் பிரியர்கள் அடிக்கடி இதைக் காட்டுவார்கள். சமையலறை கிடையாது, ஒட்டியிருந்த உணவகத்தில்தான் சாப்பாடு என்பதையும், தான் உட்கார்ந்து வேலை செய்யப் பக்கத்திலேயே தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார் என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சமையலறையைப் பற்றி ஒன்றே ஒன்று. இன்றைய சின்ன அடுக்ககச் சமையலறைகளுக்கு முன்னோடி, கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஒருவர் அதிகம் நடக்காமல் வேலை செய்வதற்கென்றே அளந்தது. அதில் சேர்ந்து சமைக்கிறோம் என்று இரண்டு பேர் நுழைந்தால் சண்டைதான். ஒருவர் சமைக்கட்டும், மற்றவர் பிறகு பாத்திரம் கழுவட்டும்.

பெற்றோர் வந்து தங்குவார்களே என்று இப்போதே இரண்டு படுக்கையறை எடுத்துவிடாதீர்கள். அவர்கள் வரும் மாதங்களுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்குப் பிடிப்பது, வருடம் முழுக்கக் கூடுதல் வாடகை கட்டுவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே வரும்.

சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லாத வீட்டில் ஒட்டும் கொக்கிகள் உதவும். சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்தே பாரம் மாட்டுங்கள். எடுக்கும்போது பட்டையைச் சுவரோடு சேர்த்து மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். உங்கள் பக்கமாக இழுத்தால் பெயின்ட்டும் கூட வரும். தரையில் ஒட்டிய டேப்பை ஒரு வாரத்துக்குள் உரித்துவிடுங்கள். நாங்கள் எட்டு மாதம் மறந்துவிட்டோம். வீட்டைக் காலி செய்வதற்கு முந்தின இரவு, பெட்டிகள் நான்கும் மறுபடி கதவோரம் நிற்க, இருவரும் தரையில் மண்டியிட்டு எண்ணெய் தொட்ட துணியால் அந்தச் சோபாவின் நான்கு பக்கத்தையும் தேய்த்துக்கொண்டிருந்தோம்.