நிலை அலை: எதன் கணு என்று கேட்காததால் வரும் தவறுகள்

எதிரெதிரே செல்லும் அலைகள் சேர்ந்து இடம்விட்டு நகராமல் ஆடுவது நிலை அலை. அதில் ஓர் அளவு மாறாமல் நிற்கும் இடம் கணு, மிக அதிகமாக மாறும் இடம் எதிர்க்கணு. கணு என்றதும் "அங்கே ஒன்றும் நடக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். நிலை அலையில் நேரும் பிழைகளில் பல இங்கேதான் முளைக்கின்றன. மூடிய குழாயின் முனையில் காற்று அசைய இடமில்லை. ஆகவே அது இடப்பெயர்ச்சிக் கணு. ஆனால் அழுத்தம் மிக அதிகமாக ஏறி இறங்குவதும் அங்கேதான். பாடநூல் படங்கள் பெரும்பாலும் இடப்பெயர்ச்சியை மட்டுமே வரைவதால் இந்த மறுபாதி மனதில் நிற்பதில்லை.

5 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே உருவாகும் முதல் நிலை அலை ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸ். அந்த பாஸ் முழக்கத்தை அடக்கச் சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டுவார்கள். ஃபோம் வேலை செய்வது அதன் துளைகளில் காற்று உரசி நகரும்போதுதான். சுவரை ஒட்டிக் காற்று நகர்வதே இல்லையே! அந்த அதிர்வெண்ணில் காற்று வேகமாக அசையும் இடம் 2.5 மீட்டர் தள்ளி, அறையின் நடுவில். விளைவு: உயர் அதிர்வெண்கள் உறிஞ்சப்பட்டு அறை மங்கிப்போகும், முழக்கம் அப்படியே இருக்கும். மூலைகளில் தடித்த உறிஞ்சிகளோ, அழுத்தத்துக்கு அதிரும் சவ்வுப் பலகைகளோ வைப்பதே பலன் தரும். (பக்கத்து அறைக்கு ஒலி போகாமல் தடுப்பது வேறு வேலை, ஃபோம் அதற்கும் உதவாது.)

இதே அறையின் நடுவில் உட்கார்ந்து பாஸ் போதவில்லை என்று ஈக்குவலைசரை ஏற்றுவதும் வீண். 34 ஹெர்ட்ஸுக்கு அது அழுத்தக் கணு. நாற்காலியை நகர்த்திப் பார்ப்பதுதான் முதல் வேலை.

குழாயின் திறந்த முனையில் இடப்பெயர்ச்சி எதிர்க்கணு விளிம்பிலேயே இருக்கும் என்று கணக்கிடுவது சிறு பிழை: அது ஆரத்தில் சுமார் 0.6 பங்கு வெளியே தள்ளியிருக்கும்.

வெப்பத்தை ஒலியாக்கும் கருவிகளில் இடம் இன்னும் முக்கியம். 1859-இல் நெதர்லாந்து இயற்பியலாளர் ரைக்கே, இருபுறமும் திறந்த செங்குத்துக் குழாயில் சூடான கம்பிவலையை வைத்து ஒலி எழுப்பினார். கீழிருந்து கால் பங்கு உயரத்தில் வலை இருந்தால் நன்றாக ஒலிக்கும். நடுவில் அழுத்த மாற்றம் உச்சம், அசைவு இல்லை. முனையில் அசைவு உச்சம், அழுத்த மாற்றம் இல்லை. இரண்டும் சேர்ந்து வேண்டும். அதனால்தான் வெப்ப ஒலி இயந்திரத்தின் தட்டடுக்கையும் (ஒருபுறம் சூடாகவும் மறுபுறம் குளிர்ந்தும் இருக்கும் இணைத் தட்டுகளின் அடுக்கு) மூடிய முனையில் ஒட்டி வைக்கக் கூடாது.

தட்டுகளை நெருக்கினால் வெப்பம் நன்றாகப் பரவி திறன் கூடும் என்பதும் தவறான எண்ணம். நிலை அலை இயந்திரத்தில் வெப்பம் சற்றுத் தாமதித்துப் போக வேண்டும். அந்தத் தாமதத்தால்தான் காற்று அழுந்தியிருக்கும் நேரத்தில் வெப்பம் வந்து சேர்கிறது. நெருக்கமான வெப்பத் தொடர்பு தேவைப்படுவது, அலை ஒரே இடத்தில் நில்லாமல் ஒரு திசையில் செல்லும் முன்னேறும் அலை இயந்திரத்தில். 1999-இல் ஆய்வாளர்கள் பேக்ஹாஸும் ஸ்விஃப்டும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் காட்டிய அவ்வகை இயந்திரம் வெப்பத்தில் 30 சதவீதத்தை ஒலித்திறனாக்கியது.

ஒத்ததிர்வில் வீச்சு பெருகுவதைக் கண்டு ஆற்றல் பெருகியதாக எண்ணுபவர்களும் உண்டு. சுழற்சிக்குச் சுழற்சி சேர்ந்து தேங்கிய ஆற்றல் அது. ஒலியை மின்சாரமாக்கும் மின்னாக்கியை இணைத்ததும் வீச்சு சரியும். சுமை ஏற்றி அளந்த எண்ணைத்தான் திறன் என்று எழுத வேண்டும்.