வெளிநாட்டு வேலை தேடும்போது உதவித்தொகைக்குத் தகுதி உண்டா?

மணலியிலோ எண்ணூரிலோ ஒப்பந்த வேலை முடிந்து வீட்டிலிருப்பவர்களில் பலர், வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்துவிட்டதால் இங்கே எந்த உதவியும் கேட்க முடியாது என்று தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். விண்ணப்பிப்பதால் மட்டும் தகுதி போய்விடாது. சம்பள வேலையில் சேரும் நாள்தான் கணக்கு.

முதலில் பழைய சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அடல் காப்பீட்டாளர் நலத் திட்டத்தின்கீழ் சராசரி தினக்கூலியில் 50 சதவீதத்தை, வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாள்களுக்குப் பெறலாம். இதற்குக் குறிப்பிட்ட காலம் காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (சந்தா கணக்கிடப்படும் ஆறு மாதத் தவணை) குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னரும் ஒரு பங்களிப்புக் காலத்தில் அதே அளவு சந்தா வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் இது கிடையாது. 2018 முதல் நடைமுறையிலுள்ள இத்திட்டத்தின் காலவரம்பு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டுக்கொள்வது நல்லது. இடையில் விசா வந்து வேலையில் சேர்ந்துவிட்டால், வேலை இழந்த நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டுமே கேட்க வேண்டும்; தேதியை மறைத்து உறுதிமொழி கொடுக்காதீர்கள்.

மாநில அரசின் உதவித்தொகை வேறு வகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு, பத்தாம் வகுப்பில் தவறியிருந்தால் மாதம் 200 ரூபாய், தேறியிருந்தால் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டத்துக்கு 600 என மூன்றாண்டுகள் கிடைக்கும். (காசிமேட்டில் ஒருநாள் மீன் வாங்கினால் 200 ரூபாய் தீர்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் உரிய பணத்தை ஏன் விட வேண்டும்?) ஆண்டுக் குடும்ப வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, வயது 40க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45க்குள் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இடமில்லை. ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் தர வேண்டியிருப்பதால், வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் அலுவலகத்துக்குத் தெரிவித்து உதவித்தொகையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகையை நம்பி ஏஜெண்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். விசிட் விசாவில் போய் வேலை தேடலாம் என்று சொல்பவரைவிட, கிண்டியிலுள்ள அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவதே பாதுகாப்பு.

விமானம் ஏறுமுன் வேலைவாய்ப்புப் பதிவின் புதுப்பித்தல் மாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அதனை இணையத்திலேயே செய்யலாம் என்பதால், துபாயில் இருந்தபடியே உங்கள் பதிவு மூப்பைக் காத்துக்கொள்ள முடியும்.