ஹாமர் டாக்கர் வாங்க முதல் ஸ்டேப்பிள் பின் பெட்டியைப் பாருங்கள்

ரொறன்ரோவில் கூரை வேலைக்கும் இன்சுலேஷன் வேலைக்கும் புதிதாக வரும் தம்பிமார் என்னிடம் கேட்பது, "அண்ணை, எந்த டாக்கர் வாங்கலாம்?" என்றுதான். "எதை, எதிலை அடிக்கப் போறாய்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சுத்தியல் போல வீசி அடிக்கிற இந்த ஸ்டேப்ளரில் எது நல்லது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வீட்டுக்குள் என்றால் மரச்சட்டங்களுக்கு இடையில் இன்சுலேஷன் பஞ்சை வைத்து, அறைப் பக்கமாக 6 மில் பொலித்தீன் விரித்து அடிக்கிறோம். அதன் தடிப்பு 0.15 மி.மீ. மட்டுமே. அதற்கு 8 மி.மீ. கால் உள்ள ஸ்டேப்பிள் பின் போதும். கூரையில் விரிக்கும் தார் தோய்த்த ஃபெல்ட் தாளுக்கு 10 மி.மீ. எடுங்கள். இங்கே பல கூரைகளில் போடுவது மரச்சீவல்களை ஒட்டி அழுத்திச் செய்த 11 மி.மீ. ஓ.எஸ்.பி. பலகை, 12 மி.மீ. பின் அடித்தால் ஒன்றில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும், அல்லது இறுகிய மரச்சீவலில் முட்டி மடங்கும். நீளமான பின்தான் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தாளைப் பிடித்து வைத்திருப்பது பின்னின் முதுகு, அதாவது இரண்டு காலையும் சேர்க்கும் மேல்பகுதி. அது தாளோடு படிந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே கடையில் கருவியைத் தூக்குவதற்கு முன் பின் பெட்டிகள் இருக்கும் தட்டுக்குப் போங்கள். வட அமெரிக்காவில் எந்தக் கடையிலும் கிடைப்பது டி-50 வகைப் பின். ஆரோ நிறுவனத்தின் எச்.டி.-50 டாக்கர் அதைத்தான் எடுக்கும். 8, 10, 12 மி.மீ. மூன்றும் போகும். போஸ்டிச் நிறுவனத்தின் பவர்கிரவுன் டாக்கர் எடுக்கும் பின்னின் முதுகு வளைந்து அகலமாக இருக்கும், தாளை நன்றாகவே பிடிக்கும். ஆனால் அந்தக் கருவிக்குள் டி-50 போகாது. வேலை நடுவில் பின் முடிந்தால் பக்கத்துக் கடையில் எது இருக்கும் என்று யோசித்து முடிவெடுங்கள்.

இனி, கருவி எவ்வளவு காலம் உழைக்கும் என்பது. டாக்கர் பழுதாகும் இடம் பின் வெளியே வரும் அதன் மூக்குத்தான். ஒவ்வொரு அடியிலும் ஒரு தட்டையான உருக்குத் தகடு இறங்கிப் பின்னைத் தள்ளுகிறது. அந்தத் தகட்டின் முனை மழுங்கினால் ஒரே அடியில் இரண்டு பின் நுழையப் பார்க்கும், சிக்கும். கருவியைத் தலைகீழாகப் பிடித்து மூக்கைப் பாருங்கள். தகட்டின் விளிம்பு நேராகவும் கூராகவும் இருக்க வேண்டும். தலையைக் கையால் அமுக்கி விடுங்கள். தடங்காமல் இறங்கித் தானே திரும்ப வேண்டும். பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே லொடலொடவென்று ஆடினால் அச்சாணி சீக்கிரம் தேய்ந்துவிடும். உள்ளே பின் வரிசையை மூக்குப் பக்கம் தள்ளும் துண்டு பிளாஸ்டிக்கா இரும்பா என்று திறந்து பாருங்கள். இரும்பு வேண்டும். நான் விலையைக் கூடப் பிறகுதான் பார்ப்பேன். சிக்கிய பின்னை எடுக்க மூக்கு இலகுவாகத் திறக்குமா, தகட்டைத் தனியாக வாங்கி மாற்றலாமா என்ற இரண்டுக்கும் ஆம் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்கலாம்.

பாரத்தை மறக்காதீர்கள். முழு இரும்பு டாக்கர் ஒரு கிலோவுக்குக் கிட்ட வரும். கூரையில் கீழ்நோக்கி அடிக்க அந்தப் பாரம் உதவி. ஆனால் நாள் முழுக்கச் சீலிங்கில் அண்ணாந்து அடிப்பவருக்கு அதுவே முழங்கையைக் கொன்றுவிடும். அவர் இலேசான, மெல்லிய கம்பிப் பின் எடுக்கும் ஒன்றை வாங்கட்டும். கைபிடியில் ரப்பர் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். வியர்வையில் சுழல்கிற உறை வேண்டாம்.

எவ்வளவு நல்ல கருவியும் கோணலாக அடித்தால் கெடும். மூக்கு பலகையில் மட்டமாக விழ வேண்டும். சரிந்தால் ஒரு கால் மட்டும் இறங்கும், மூக்கின் விளிம்பு பொலித்தீனைக் கிழிக்கும். கிழிந்த ஒவ்வொரு இடத்தையும் சிவப்பு டேப்பால் மூடுங்கள். குளிர்காலத்தில் வீட்டு ஈரக்காற்று அந்த ஓட்டையால் போய்ப் பஞ்சுக்குள் தண்ணீராகும். பின் சிக்கினால் முதலில் பின் நிரப்பும் மகசினைக் கழற்றுங்கள், பிறகு குறடு. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் போட்டிருங்கள். மூக்கில் மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். கிரீஸ் பூசினால் பஞ்சுத் தூசி ஒட்டிக் கல்லாகிவிடும். ஈரம் பட்ட பின் துருப்பிடித்துச் சிக்கும், ஆகவே பெட்டியை வண்டிக்குள் மூடி வையுங்கள்.

கூரையின் மேல் வரிசையாகப் பதிக்கும் ஷிங்கிள் தகடுகளுக்கு இதைத் தொடவே கூடாது, அதற்குக் கூரை ஆணிதான். ஃபெல்ட் தாளுக்குப் பதிலாகப் போடும் வழுக்கும் சிந்தெடிக் விரிப்புக்கும் வெறும் பின் காணாது. காற்றடித்தால் பின் அங்கேயே நிற்கும், விரிப்பு கிழிந்து போகும். தயாரிப்பாளர்கள் பிளாஸ்டிக் தொப்பி வைத்த ஆணியோ பின்னோ கேட்பது அதனால்தான். உங்கள் குழு பெரும்பாலும் சிந்தெடிக் போடுகிறதென்றால், தொப்பியோடு சேர்த்து அடிக்கும் ஹாமருக்குக் காசைச் செலவழியுங்கள். உள்வேலைக்குச் சாதாரண டி-50 ஒன்று காணும்.