மச்சு ஏணியின் ஆட்டம்

கப்பலூர் சிட்கோவில் எங்கள் குடோன். உள்ளே பத்தடி உயரத்தில் இரும்புத் தளம், நாங்கள் மச்சு என்போம். சுவரோடு பிடித்த அதன் ஏணி ஐப்பசி மழைக்குப் பிறகு லேசாக ஆட ஆரம்பித்தது.

துளைக்குள் விரிந்து சுவரைப் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை இறுக்கினேன். இரண்டே நாளில் மறுபடி ஆட்டம். அப்புறம்தான் உறைத்தது, அது ஹாலோ பிளாக் சுவர்! உள்ளே வெற்றிடம் இருந்தால் விரியும் போல்ட் எதைப் பிடிக்கும்? சுவரைத் துளைத்து, இருபுறமும் தகடு வைத்து நீள போல்ட் போட்டோம். அன்றோடு ஆட்டம் நின்றது.

கழற்றிய கையோடு வேறு சில தப்புகளையும் பார்த்தேன். ஏணியின் படிக் கம்பிக்கும் சுவருக்கும் மூன்றங்குலம்தான் இடைவெளி, கால்விரல் மட்டும்தான் நிற்கும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி கம்பியின் நடுவிலிருந்து 7 அங்குலம் கேட்கிறது. பக்கச் சட்டங்களும் தளத்துக்கு மேல் 42 அங்குலம் நீள வேண்டும். எங்களுடையது தள மட்டத்தோடு முடிந்திருந்தது. இறங்கும்போது பிடிக்க ஒன்றும் கிடையாது. திருமங்கலத்து வெல்டர் இரண்டையும் சரிசெய்தார்.

மேலே ஏணி வாசலில் குறுக்கே இருந்த சங்கிலியை எடுத்துவிட்டுத் தானாக மூடும் கதவு வைத்தோம். சங்கிலியை யார் திரும்ப மாட்டுகிறார்கள்?

அடிப்பக்கம் துரு. தரை கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அரித்ததை வெட்டி, சின்ன கான்கிரீட் மேடை மேல் நிறுத்தி, துருவைத் தடுக்கும் ஜிங்க் பிரைமர் அடித்தோம். கம்பிகளுக்கு மட்டும் பளபள எனாமல் வேண்டாம் என்றேன், ஈரக்காலுக்கு வழுக்கும். இப்போது மாதம் ஒருமுறை ஸ்பேனரோடு போய் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.