சிங்கப்பூர்–நியூயார்க் விமானக் கணக்கில் எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு அளவுகோல் வைத்துக் கோடு போட்டால், அது இலங்கை, அரபிக்கடல், சகாரா, அட்லாண்டிக் என்று போகும். அந்தக் கோட்டை நம்பித் தூரத்தை அளப்பதுதான் முதல் சறுக்கல். பூமி உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். அதுதான் மிகக் குறைந்த தூரம், சுமார் 15,350 கி.மீ. இதையே ஒரு இணையதளம் 9,540 மைல் என்றும் இன்னொன்று 8,290 என்றும் காட்டும். குழம்ப வேண்டாம், இரண்டாவது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

சரி, 15,350-ஐ மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் 18 மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்த்தி. தவிர, விமானம் நூல் போன வழியில் போவதும் இல்லை. வானத்தில் உயரே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. அதை முதுகில் வாங்கிக்கொள்ளப் பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போகிறார்கள். திரும்பும்போதும் பல நாள் அதே காற்றுக்காக அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவார்கள். அப்படி வாய்த்தால் போய்வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பீர்கள்!

அதிகம் பேர் விழும் குழி கடிகாரம்தான். நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், கோடையில் நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே அதே நாள் காலை 6.40. டிக்கெட்டின் இரண்டு நேரங்களையும் அப்படியே கழித்தால் ஏழு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம் என்பதைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். அதுவும் கோடையில் மட்டும். நவம்பரில் அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 13 ஆகிவிடும். சிங்கப்பூர் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை.

திரும்பி வரும்போது தேதியே உதைக்கும். வெள்ளி இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறினால், கோடைக் கணக்கில், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவது ஞாயிறு விடிகாலை 4.40. சனிக்கிழமை காணாமல் போய்விடும். ஒருமுறை நான் வெறுமனே "வெள்ளி ராத்திரி கிளம்புறேன்" என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டேன். மச்சான் சனிக்கிழமை விடிகாலையே சாங்கிக்கு வந்து, இரண்டு காபி குடித்துவிட்டு, எனக்கு போன் போட்டிருக்கிறார். நான் அப்போது ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கே கிளம்பவில்லை.