வெனிஸை ஏன் யாரும் விழுங்கவில்லை? வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் படிக்க என்னிடம் வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: நொடித்துப்போன வெனிஸ் குடியரசை வல்லரசுகள் ஏன் விட்டுவைத்தன? உடனே கப்பல்களை எண்ண உட்கார்ந்துவிடுவார்கள். அதில் விடை இல்லை. 1669-இல் கிரீட்டையும் 1718-இல் தென் கிரேக்கத் தீபகற்பமான மொரியாவையும் துருக்கியரிடம் பறிகொடுத்த நாடு அது. வெனிஸின் பலத்தை ஓரமாக வைத்துவிட்டு அக்கம்பக்கத்தாரைப் பாருங்கள்.

ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரை முடித்த 1748 உடன்படிக்கைக்குப் பிந்தைய வட இத்தாலி வரைபடம் ஒன்று வேண்டும். ஆஸ்திரியா வசமிருந்த இடங்களுக்கெல்லாம் ஒரே வண்ணம் தீட்டுங்கள்: வடக்கே டிரோல், மேற்கே மிலான், தெற்கே மாந்துவா, கிழக்கே டிரியெஸ்ட். நடுவில் வெள்ளையாக நிற்பவை வெனிஸுக்குச் சொந்தமான பெர்காமோ, பிரெசியா, வெரோனா, பதுவா. ஒரே வாயில் முடிந்துவிடும் என்று தோன்றும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியா இதை எடுத்தால் யார் சும்மா இருக்கமாட்டார்கள்? பிரான்ஸ், பிரெஞ்சு அரச குடும்பமான போர்பன் வழியில் வந்து நேப்பிள்ஸிலும் பார்மாவிலும் இருந்த அரசர்கள், டூரினில் சவாய் அரசர் என்று பட்டியல் நீளும். சண்டைக்கும் சாக்கு வேண்டும்; வெனிஸ் எந்தப் பக்கமும் சேராமல் அந்தச் சாக்கைக் கொடுக்காமலே இருந்தது. 1701-இல் தொடங்கிய ஸ்பெயின் வாரிசுரிமைப் போரில் மாந்துவாவின் கோன்சாகா கோமகன் ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரான்ஸோடு சேர்ந்தார். 1708-இல் நாட்டை இழந்தார், அதே ஆண்டில் வெனிஸுக்குச் சொந்தமான பதுவாவில் இறந்தார். நடுநிலையைக் கோழைத்தனம் என்று எழுதும் பாடநூல்கள் இந்த ஒரு மரணத்தையாவது கவனித்திருக்கலாம்.

அடுத்தது, எடுத்தால் என்ன லாபம்? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதே போரில், 1701-இல், ஆஸ்திரியத் தளபதி இளவரசர் யூஜின் டிரோலிலிருந்து மலைகளைக் கடந்து தம் படையை வெரோனா சமவெளியில் இறக்கினார். அந்த செப்டம்பரில் பிரெஞ்சுப் படையோடு அவர் மோதிய கியாரி ஊரும் பிரெசியாவை அடுத்த வெனிஸ் மண்தான். நிலத்துக்காரன் தடுக்கவில்லை. கைப்பற்றாமலே வழி கிடைத்தது. கடல் வணிகமோ? 1719-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் டிரியெஸ்டைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கினார். வெனிஸின் சரக்கு மெல்ல அங்கே திரும்பத் தொடங்கியது. வழியும் வணிகமும் போர்ச்செலவில்லாமல் கிடைக்கும்போது நகரத்தை எடுத்து என்ன செய்வது?

விடை சரியா என்று 1797-ஐ வைத்துச் சோதியுங்கள். புரட்சிப் பிரான்ஸோடு ஆஸ்திரியா போரில் இருந்தது. முந்தைய ஆண்டிலேயே சவாய் அந்தப் போரிலிருந்து விலகிவிட்டது, போர்பன்கள் ஆண்ட ஸ்பெயின் பிரான்ஸின் கூட்டாளியாகிவிட்டது. முதல் கேள்விக்கு எழுதிய பட்டியல் காலி. பெல்ஜியத்தையும் லொம்பார்டியையும் ஆஸ்திரியா விட்டுக்கொடுக்க வேண்டுமானால் பிரான்ஸ் ஈடாக ஏதாவது தரவேண்டும். ஏப்ரலில் ஆஸ்திரியாவின் லியோபன் ஊரில் நடந்த பேச்சில் பிரெஞ்சுத் தளபதி நெப்போலியன் வெனிஸின் நிலத்தைக் காட்டினார். மே 12 அன்று வெனிஸை ஆண்ட பிரபுக்களின் பெருமன்றம் கூடியது. 600 பேர் வேண்டிய இடத்தில் 537 பேர்தான் வந்தார்கள். அவர்களே குடியரசைக் கலைக்க வாக்களித்தார்கள். அக்டோபரில் காம்போ ஃபோர்மியோ உடன்படிக்கை நகரத்தை ஆஸ்திரியாவிடம் ஒப்படைத்தது.

கை பழக ஜெனோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1745-இல் அது போர்பன் பக்கம் சேர்ந்தது, 1746-இல் ஆஸ்திரியப் படை உள்ளே வந்தது, நகர மக்கள் திரண்டு அதை விரட்டினார்கள். 1748 உடன்படிக்கையில் ஜெனோவா பிழைத்தது யார் யாருக்கு ஒத்துப்போனது என்று அதே இரண்டு கேள்விகளை வைத்துப் பாருங்கள்.