குழித்தட்டு நாற்றுக்கு உரத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்துக் கொடுக்கிறேன். மண்ணே இல்லாமல், சிறு சிறு குழிகள் உள்ள குழித்தட்டுகளில், தென்னை நார்க்கழிவுக் கலவையில்தான் எல்லாம். இந்த முறையில் இறங்குபவர்கள் எடுத்தவுடன் எந்த உரம் போடுவது என்று கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் தண்ணீரில்தான் தொடங்கும். நிலத்து மண்ணில் களியும் மக்கும் இருப்பதால் தண்ணீரின் குறையை அது கொஞ்ச காலம் தாங்கிக்கொள்ளும். குழித்தட்டில் ஒரு குழிக்குள் அடங்குவதோ மிகச் சிறிது கலவை. தினமும் அதில் ஊற்றும் தண்ணீரின் குணம் சில வாரங்களில் கலவையின் குணமாகவே ஆகிவிடும்.

முதலில் நார்க்கழிவு. தேங்காய் மட்டையிலேயே சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) சோடியமும் குளோரைடும் நிறைய உண்டு. உப்பங்கழியில் ஊறிய மட்டை என்றால் உப்பு இன்னும் கூடுதல். ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, வடியும் நீரின் இ.சி. (கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) அளவு ஊற்றிய நீரின் அளவை நெருங்கும்வரை கழுவுங்கள். அதோடு வேலை முடியாது. நார்த்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது, அவற்றை வெளியே தள்ள கால்சியம் வேண்டும். கட்டி ஒன்றுக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் ஒருமுறை அலசி வடித்துவிடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் பின்னால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார்க்கழிவே பிடித்துவைத்துக்கொள்ளும், நாற்றுக்குப் போய்ச் சேராது. மக்காத பச்சை நார்க்கழிவை வாங்கவே வாங்காதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எல்லாம் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டுக் கையேடுகளைப் பார்த்து இந்தக் கலவையில் டோலமைட் சுண்ணாம்பு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையேடுகள் அங்கு நார்க்கழிவுக்குப் பதில் பயன்படுத்தும் பீட் பாசிக்காக (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) எழுதப்பட்டவை. அது பி.எச். (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 4-ஐ ஒட்டிய கடும் அமிலம், அதைக் குறைக்கச் சுண்ணாம்பு அவசியம். நம் நார்க்கழிவு இயல்பாகவே 5.5 முதல் 6.5 வரை நிற்கிறது. நாற்றுக்கு வேண்டியதும் அதேதான். நம் ஆழ்துளைக் கிணற்று நீரே சுண்ணாம்பைச் சுமந்து வரும்போது மேலும் சேர்ப்பது கெடுதல். மண்புழு உரம் சேர்த்தால் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள், அதில் பி.எச். 7-ஐத் தாண்டும் சரக்கும் உண்டு.

இனி தண்ணீர். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதா? அந்தத் தண்ணீரில் கலவையின் பி.எச். அளவை ஏற்றும் பைகார்பனேட் அதிகம். நீரின் பி.எச். அளவு மட்டும் இதைச் சொல்லிவிடாது. 7.5 காட்டும் இரு கிணற்று நீரில் ஒன்று கலவையை அசைக்காமல் இருக்கும், மற்றொன்று மாதத்துக்குள் 7.5-க்கே ஏற்றிவிடும். பத்து லிட்டர் வாளியில் நீர் பிடித்து, சிட்ரிக் அமிலத்தை அரை கிராம் அரை கிராமாகப் போட்டுக் கலக்கி, அரை மணி விட்டு அளந்து, 6-க்கு வர எவ்வளவு ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறைய அமிலம் விழுங்கும் நீர்தான் நாற்றைக் கெடுக்கும் நீர். வீட்டுத் தோட்டத்துக்குச் சிட்ரிக் அமிலம் போதும், ஆனால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுவதால் பலன் நீடிக்காது. பண்ணைக்கு நான் பாஸ்பாரிக் அமிலம் பயன்படுத்துகிறேன், மணிச்சத்தும் அதிலேயே கொஞ்சம் கிடைத்துவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. மழைநீர் பிடிக்க வசதி இருந்தால் அதற்கு ஈடே இல்லை.

பி.எச். ஏறிவிட்டதை முதலில் காட்டிக்கொடுப்பது மிளகாய். குருத்திலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். கலவையில் இரும்புச்சத்து இருந்தும் கரையாததால் வேருக்கு எட்டவில்லை என்று பொருள். பார்த்தவுடன் யூரியாவை நோக்கிக் கை போகும், போகவிடாதீர்கள். தழைச்சத்துக் குறை என்றால் வெளுப்பது அடியிலை. இரும்புக்கு இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைச் செலேட்டை, அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் மருந்தை, கேட்டு வாங்குங்கள். மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5-க்கு மேல் நிலைக்காது. லிட்டருக்கு அரை கிராம் கரைத்து வேருக்கு ஊற்றி, இலையில் பட்டதை உடனே நல்ல நீரால் கழுவிவிடுங்கள். கூடவே பாசன நீரின் பி.எச். அளவையும் இறக்காவிட்டால் அடுத்த குருத்தும் மஞ்சளாகத்தான் வரும்.

வாரம் ஒருமுறை அளந்துவிடுங்கள். நான்கைந்து தட்டுகளிலிருந்து கலவை எடுத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி கழித்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த முறையில் இளநாற்றுக்கு இ.சி. 0.3 முதல் 0.7 வரை (mS/cm) போதும். பி.எச். கருவியை 4, 7 கரைசல்களில் அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

உரம் எளிது. வித்திலை விரியும்வரை எதுவும் வேண்டாம். முதல் நிஜ இலை வந்ததும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு அரை கிராம், இரண்டு மூன்று இலை ஆனதும் ஒரு கிராம், வாரம் இருமுறை. இடையில் ஒருமுறை கால்சியம் நைட்ரேட், நுண்ணூட்டக் கலவை கொஞ்சம். கால்சியம் நைட்ரேட்டையும் 19:19:19-ஐயும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்காதீர்கள், வெள்ளை மாவாக அடியில் படிந்துவிடும். தட்டின் விளிம்பில் உப்புப் பூத்தால் உரத்தை நிறுத்தி, அடியில் வடியும்வரை வெறும் நீர் ஊற்றுங்கள்.

நடவுக்கு ஒரு வாரம் முன்பு 19:19:19-ஐ விட்டுவிடுவேன். அதிலுள்ள யூரியாவும் அம்மோனியமும் நாற்றை நெடுநெடுவென்று இழுக்கும். அந்த வாரம் கால்சியம் நைட்ரேட் மட்டும் ஒருமுறை, நீரையும் குறைத்து, நிழல்வலையை விலக்கி வெயில் காட்டினால் தண்டு தடிக்கும். நடுகிற நாள் காலையில் தட்டை நன்றாக நனைத்துக் கொடுத்தால் வேர்ப்பந்து உதிராமல் கழன்று வரும்.